எதுக்கு அண்ணாச்சியும் அவசர மருந்து அலமாரியும்

பூட்டுப் போடச் சம்பளம் வாங்குகிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். போட்ட பூட்டைக் கழற்றுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர், நானறிந்தவரை இந்தக் கரிசல் சீமையிலேயே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எங்கள் எல்லோருக்கும் அவர் 'எதுக்கு அண்ணாச்சி'. ஐந்து நிமிடம் பேசினால் ஒன்பது முறையாவது 'எதுக்கு?' என்று கேட்டுவிடுவார். ஒருமுறை திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்து, "ஏறுனதுக்கும் விசிலு, எறங்குனதுக்கும் விசிலு, எதுக்கு?" என்று கேட்டு, அடுத்த நிறுத்தத்தில் விசிலே இல்லாமல் இறக்கிவிடப்பட்டவர்.

எங்கள் ஆஸ்பத்திரி அருப்புக்கோட்டையில், பாளையம்பட்டி போகும் டவுன் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஐம்பது படுக்கை. நான் ரெக்கார்டு செக்‌ஷன். நோயாளிகளின் பழைய சீட்டு முதல் நேற்று எடுத்த ஸ்கேன் வரை என் பொறுப்பு.

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. எக்ஸ்ரே பிரிவில் ஒருவர், மெயிலில் வந்த கல்யாணப் பத்திரிகையை ஆசையாகத் திறந்து பார்த்திருக்கிறார். பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கவேண்டிய இடத்தில் வைரஸ் இருந்திருக்கிறது. நான்கு நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதினோம். ஐந்தாம் நாள் கம்ப்யூட்டர்கள் எழுந்துவிட்டன. எங்கள் மேனேஜர் மேடத்தின் பயம்தான் எழுந்து போகவே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது பூட்டுத் திருவிழா. பாஸ்வேர்டைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய பன்னிரண்டு பாஸ்வேர்டுகளின் ஜாடைகூடப் புதியதில் தெரியக் கூடாது. எங்கள் பேச்சியம்மாள் சிஸ்டர் முதலில் வீட்டு ஆடுகளின் பெயரை வைத்தார். ஆடுகள் தீர்ந்ததும் சொந்தக்காரர்கள். சொந்தமும் தீர்ந்த பிறகு, பேச்சுவார்த்தை இல்லாதவர்களின் பெயர்.

"எவ மொகத்துல முழிக்கக் கூடாதுன்னு இருக்கேனோ, அவ பேரைத் தெனமும் பத்து தடவை அடிக்க வச்சிட்டாகளே!" என்று புலம்புவார்.

யாருக்கும் நினைவில் நிற்காததால், பாஸ்வேர்டுகளை எல்லாம் வார்டு காலண்டரின் பின்பக்கம் எழுதிவைத்தோம். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் காலண்டரைப் புரட்டி நல்ல நேரம் பார்த்தபோது, எங்கள் பாஸ்வேர்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். பென்டிரைவ் செருகும் துளைகளில் பசை ஊற்றி அடைத்தார்கள். அதில் நான்கைந்து, மவுஸ் செருக வேண்டிய துளைகள் என்பது பசை காய்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்படி நாற்பத்தோரு கட்டுப்பாடுகள் சேர்ந்தன. ஒருநாள் காலை ஆஸ்பத்திரி முதலாளி தன்னுடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையே கேட்டார். அது அவர் கைக்கு வர மதியமாகிவிட்டது. கடை வியாபாரத்தில் வளர்ந்த குடும்பம் அவர்களுடையது.

"நம்ம கடையில இப்படி நிக்க வச்சா, ஆளு எதுத்த கடைக்குப் போயிருப்பான்ல?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் எதுக்கு அண்ணாச்சி வேலைக்கு வந்துவிட்டார்.

திருச்சுழிக்காரர். வெளியூர்க் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு துணிப்பை, ஒரு நோட்டு, ஒரு பேனா. முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஆனால் கைப் பொத்தான்களை அறுத்து எடுத்திருப்பார். "எப்படியும் மடக்கித்தான விடுறோம்?" என்பார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவரும் என்னை அண்ணாச்சி என்பார். யார் மூத்தவர் என்பதை இருவருமே விசாரிக்கவில்லை.

ஒவ்வொரு கட்டுப்பாட்டின் முன்னாலும் போய் நின்று மூன்று கேள்விகள் கேட்பார். "இது இல்லாட்டி என்ன கெட்டது நடக்கும்? அதை இது நெசமாவே தடுக்குதா? வேற எதுவும் ஏற்கெனவே அதைத் தடுத்துக்கிட்டு இருக்கா?" பதில் சரியாக வராவிட்டால் அதைப் பத்து நாள் நிறுத்திவைத்து, பக்கத்திலேயே இருந்து கவனிப்பார். அதன் பிறகுதான் எடுப்பார்.

முதல் வாரமே கீழ்த்தளத்தில் ஓர் அறையின் முன்னால் நின்றுவிட்டார். கதவில் கைரேகை மெஷின். ஆறு பேரின் விரலுக்கு மட்டுமே திறக்கும்.

"உள்ள என்ன இருக்கு?"

"சர்வர் ரூமு அண்ணாச்சி" என்றேன் பெருமையாக.

திறந்து பார்த்தால் ஏழு துடைப்பம், மூன்று பினாயில் கேன். சர்வரை மாடிக்குக் கொண்டுபோய் ஒரு வருடமாகிறதாம். மாடிக்குப் போனோம். சர்வர் அறைக் கதவு, காற்று வரட்டும் என்று செங்கல் முட்டுக்கொடுத்து விரியத் திறந்திருந்தது. அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். மெஷினைக் கழற்றி மாடியில் மாட்டவும், காற்றுக்கு ஒரு ஏசி வைக்கவும் சொன்னார். செங்கல்லைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

இவர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில் கூட்டம் மொய்த்தது. மருந்துக் கடைப் பையன்கள் தங்கள் தலைக்கு மேலிருக்கும் கேமராவை எடுக்கச் சொன்னார்கள். "அது இருக்கட்டும்" என்றார். ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டாம், வார்டுக்கு ஒன்று போதும் என்றார் பேச்சியம்மாள் சிஸ்டர். "யாரு என்ன மருந்து எழுதுனாகன்னு நாளைக்குத் தெரிய வேண்டாமா தாயி? பாஸ்வேர்டு இருக்கட்டும். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்துறது வேண்டாம்" என்றார். சனிக்கிழமைதோறும் எடுக்கும் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் புது வேலையையும் சேர்த்துவிட்டார். எடுத்து வைத்தது திரும்ப வருமா என்று அதுவரை ஒருவரும் சோதித்ததில்லை.

பிறகு என்னிடம் வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போகும் எந்த ரிப்போர்ட்டிலும் மூன்று கையெழுத்து வேண்டும். முதலில் லேப், அடுத்து நான், கடைசியாக மேனேஜர் ஆபீஸ். 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவேன். வீட்டில் என் சொல்லுக்கு இல்லாத மரியாதை அந்தப் பச்சை மைக்கு இருந்தது. ஒரு மாலை அண்ணாச்சி என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். மூன்று கையெழுத்தும் முத்திரையும் அதில் இருந்தன. மேலே டைப் அடித்திருந்தது: 'இந்தத் தாளைப் படித்தவர், எதுக்கு அண்ணாச்சிக்கு ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கித் தரவும்.'

காது சுட்டது. "லேப்புல பாத்திருப்பாகன்னு நெனச்சேன்..."

"லேப்புல என்ன சொன்னாக தெரியுமா? ரெக்கார்டு அண்ணாச்சி பாப்பாகன்னாக. மேனேஜர் ஆபீஸுல, அதான் ரெண்டு பேரு பாத்துட்டாகளேன்னாக. மூணு பேரு இருக்கறதாலதான் ஒருத்தரும் படிக்கலை. ஒருத்தரு மட்டும்னா, நம்மளை விட்டா ஆளில்லைன்னு படிப்பாரு."

தாளை யாரிடமும் காட்டவில்லை. என் கண்ணெதிரிலேயே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் மறுவாரம் லேப் கையெழுத்து மட்டுமே மிஞ்சியது. என் பச்சை மை போயிற்று. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"கோவமா அண்ணாச்சி? இங்க வந்து போன அத்தனை குடும்பமும் உங்க தலைக்குள்ள இருக்கு. அப்படிப்பட்ட ஆளை முத்திரை குத்த வச்சிருந்தா நியாயமா?"

அவர் சொல்லி, காலை நேரத்தில் என்னை அவசரப் பிரிவின் வாசலில் உட்கார வைத்தார்கள். வருகிறவரின் முகத்தைப் பார்த்தவுடன் பழைய சீட்டை எடுத்து டாக்டரிடம் கொடுக்க வேண்டியது என் வேலை. முதல் நாளே நான்கு பேர் என்னிடம் 'நல்லாருக்கீகளா?' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ரெக்கார்டு அறையில் இருந்த காலத்தில் என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணாச்சி தப்பே செய்யாதவர் என்று எழுதினால் பொய். பதிவு செய்யும்போது, 'இதே பெயரில் வேறு ஒருவர் இருக்கிறார்' என்று திரையில் ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். எங்கள் பக்கத்தில் ஒரே காலையில் நான்கு மாரியம்மாள் வருவார்கள். அதனால் பெட்டி ஓயாமல் வரும், நாங்களும் ஓயாமல் படிக்காமல் தட்டிவிடுவோம். யாரும் படிக்காத பெட்டி எதற்கு என்று அண்ணாச்சி அதை நிறுத்திவைத்தார். எட்டாம் நாள் இரண்டு மாரியம்மாள்களின் ரத்த ரிப்போர்ட் மாறிப்போனது.

பேச்சியம்மாள் சிஸ்டர் ஊசியோடு போனவர், "நேத்து வரைக்கும் இந்தம்மாவுக்குச் சுகரு இல்லையே!" என்று அப்படியே நின்றதால் கெட்டது எதுவும் நடக்கவில்லை.

அண்ணாச்சி ஓடிவந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பெட்டியைத் திரும்ப வைத்தார். இந்தமுறை ஊர்ப்பெயரும் வீட்டுக்காரர் பெயரும் கொட்டை எழுத்தில் வந்தன. வந்திருப்பது எந்த ஆள் என்று தேர்ந்தெடுக்காமல் நகரவே முடியாது. பிறகு இரண்டு மாரியம்மாள்களின் கட்டில் அருகிலும் போய், "தப்பு எம்மேலதான் தாயி" என்று கைகூப்பி நின்றார். அதில் ஒரு மாரியம்மாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்குச் சுகரு இல்லையா? மகராசனா இருப்பா!" என்று அவரை வாழ்த்தியே அனுப்பிவிட்டார்.

மேனேஜர் மேடம் வாழ்த்தவில்லை.

"போதும் அண்ணாச்சி. இந்த வாரத்துக்குள்ள எடுத்த எல்லாத்தையும் திரும்பப் போட்டுருங்க. உங்க கணக்கையும் முடிச்சிக்கிடலாம்."

"சரிம்மா. போட்டுத் தாரேன். அந்த அவசர மருந்து அலமாரியை மட்டும் ஒருக்காப் பாத்துட்டுப் போடுறேன்."

"அதைத் தொடவே கூடாது."

அந்த அலமாரிக்குள்தான் பாம்புக்கடி மருந்து போன்றவை இருந்தன. வைரஸ் வந்துபோன கையோடு மருந்துக் குப்பிகள் சில குறைந்ததுபோல் கம்ப்யூட்டர் காட்டியது. ஒரே சரக்கை இரண்டுமுறை பதிந்திருந்தோம் என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் பூட்டு வந்துவிட்டது. டூட்டி டாக்டர் விரல் வைக்க வேண்டும். உடனே மேடத்தின் போனுக்கு ஓடிபி எண் போகும். மேடம் அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

புதன்கிழமை பதினோரு மணி. நான் அவசரப் பிரிவின் வாசலில் இருக்கிறேன். ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே காலில் துண்டைக் கட்டிக்கொண்டு எதுக்கு அண்ணாச்சி.

"பாம்பு கடிச்சிருச்சு!"

ஓடிப்போய் இறக்கினோம். அவரைக் கட்டிலில் போட்டோம். டூட்டி டாக்டரிடம் மட்டும் காலையிலேயே இது சோதனை என்று சொல்லிவைத்திருக்கிறார். அவரும் முகத்தில் எதையும் காட்டாமல், "துண்டை அவுத்துருங்க, கட்டக் கூடாது. மருந்தை எடுங்க" என்றபடி அலமாரிக்குப் போய் விரல் வைத்தார். அப்போதுதான் கிருமிநாசினி போட்ட கை. மெஷின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஏற்கவில்லை. மூன்றாம் முறையும் ஏற்காததால், மெஷின் கோபித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. பதினைந்து நிமிடம் கழித்து விரலை ஏற்றுக்கொண்டது. ஓடிபி போனது. மேடத்தைக் காணோம். அவர் தீ விபத்துப் பயிற்சி வகுப்பில் இருந்தார். வகுப்புக்குள் போன் கூடாது என்பது நாற்பத்தோரு கட்டுப்பாடுகளில் இன்னொன்று. எல்லோருடைய போனும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடந்தது. எங்கள் ஓடிபி வந்து வந்து, அந்தக் கூடைக்குள்ளேயே காலாவதியாகிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அண்ணாச்சி எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆட்டோவில் அவரைப் பார்த்த மச்சான் ஒருவர் திருச்சுழிக்குப் போன் போட்டுவிட்டார். அண்ணாச்சியின் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி, அவசரப் பிரிவுக்குள் அழுதுகொண்டே ஓடிவந்தார். அப்போதும் அலமாரி திறக்கவில்லை. ஊரிலிருந்து மனைவி வந்துசேர்ந்துவிட்டார், பத்தடி தூரத்திலிருந்த மருந்து வந்துசேரவில்லை!

அண்ணாச்சி தலையைத் தூக்கி, "ஒண்ணுமில்ல, டெஸ்டுதான்" என்று கிசுகிசுத்தார்.

அந்த அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார். கையிலிருந்த பர்ஸால் தோளில் நான்கு போட்டார். "டெஸ்டா? ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாகக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தார். பிடித்த கையை விடவே இல்லை.

வகுப்பு முடிந்து மேடம் போனில் எண்ணைச் சொல்லி, கதவு திறந்தபோது நாற்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. டாக்டர் அதைச் சுவர்ப் பலகையில் எழுதினார். பின்னாலேயே நேரில் வந்த மேடம் பலகையைப் படித்தார். கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் அலமாரிக்கு எதிரேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாருக்கும் நல்லதுன்னுதான போட்டேன்" என்றார் மெதுவாக.

அண்ணாச்சி கட்டிலிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தெரியும்மா. பயத்துல போட்டீக. பயந்தது தப்பே இல்ல. பூட்டைக் கொஞ்சம் மாத்திக்கிடுவோம்."

மறுநாள் ஓடிபி போனது. கைரேகை போனது. இழுத்தால் அறுந்துவிடும், எண் போட்ட பிளாஸ்டிக் சீல் ஒன்று வந்தது. முதலில் அறுத்து மருந்தை எடு, பிறகு நோட்டில் எழுது. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் குப்பிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவற்றைத் திரும்பப் போடுகிற பேச்சையும் மேடம் எடுக்கவில்லை.

அன்று டீக்கடையில் கேட்டேன். "நடிச்சுத்தான் காட்டணுமா அண்ணாச்சி? எழுதிக் குடுத்தாப் பத்தாதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முன்னால ஒரு ஆஸ்பத்திரியில நாந்தான் எல்லாக் கதவுக்கும் கார்டு சிஸ்டம் போட்டேன். கார்டு இல்லாம ஈ காக்கா நுழைய முடியாது. எனக்கு அதுல அம்புட்டுப் பெருமை. ஒரு நாளு ஒருத்தரு, பொண்டாட்டி உள்ள இருக்கு, வெளியூருல இருந்து ஓடி வந்திருக்காரு. அவருக்குக் குடுத்த கார்டு வேற மாடிக்கு உள்ளது. அவுக இவுககிட்டக் கேட்டு, மாத்தி, அவரு உள்ள போறதுக்குள்ள அந்தம்மா போயிருச்சு. வெளிய வந்தவரு என்னை ஒரு வார்த்தை திட்டலை. 'இந்தக் கதவு எதுக்கு சார்?'ன்னு மட்டும் கேட்டாரு அண்ணாச்சி."

டீ ஆறிவிட்டது. நாங்கள் இருவரும் குடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை. பரளச்சியிலிருந்து ஒரு பெண்ணைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, கணவரும் தம்பியும் கொண்டுவந்தார்கள். சோளத்தட்டைக் கட்டைத் தூக்கும்போது விரியன் கடித்திருக்கிறது. கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது, போன வருடம் இங்கே பிரசவமானவர். பழைய சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். "மருந்து!" என்று டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே பேச்சியம்மாள் சிஸ்டர் சீலை இழுத்து அறுத்துவிட்டார். அந்தச் சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆறாம் நாள் அந்தப் பெண் நடந்தே வீட்டுக்குப் போனார். கணவர் ஆளாளுக்குக் கும்பிடு போட்டார். அண்ணாச்சி மட்டும் மாடியில் சர்வர் அறைக்குள் போய் நின்றுகொண்டார். கூப்பிடப் போனேன். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தபடி, "ஏசி தூசி அடிக்குது அண்ணாச்சி, ஆளு விட்டுத் தொடைக்கச் சொல்லணும்" என்றார்.

நாற்பத்தொன்று பதினேழாக நின்றபோது, தன் வேலை முடிந்தது என்று அவரே எழுதிக்கொடுத்துவிட்டார். மேடம் இரண்டு முறை இருக்கச் சொன்னார். கேட்கவில்லை. இப்போது விருதுநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இதே வேலை.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போனேன். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"காலையில இருந்து நீங்க ஏழாவது ஆளு அண்ணே. மேனேஜர் மேடம் இப்பத்தான் கெளம்பிப் போறாக."

உள்ளே அண்ணாச்சி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். "லேசாத்தான் சூடு அடிக்குது. இதுக்குப் போயி ஆஸ்பத்திரியே காலியாக் கெளம்பி வந்தா, அங்க இருக்குற சீக்காளிகளை யாரு பாக்குறது?" என்று சத்தம் போட்டார்.

போட்டுவிட்டு, சுவர்ப் பக்கமாக நகர்ந்து படுத்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். மதியச் சாப்பாடு வரை நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.